தேயாத நகம்

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே குடமுருட்டியாற்றை ஒட்டி அமைந்திருக்கும் பாபநாசத்தை வெளியூரார் நூற்றெட்டு லிங்கங்கள் உள்ள சிவாலயத்துக்காகவும், திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில் எழுப்பப்பட்ட வட்டமான நெற்களஞ்சியத்துக்காகவும் அறிவார்கள். பிராணிகளின் நகத்தைப் பற்றிப் பேச வந்த இந்த அத்தியாயத்துக்கு அந்த ஊர் பொருத்தமாக அமைவது வேறொரு காரணத்தால். காவேரி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவிட்ட வண்டல் அந்தப் பிரதேசத்தில் எவ்வளவு ஆழமானதென்றால், வயலில் மண்வெட்டி போடுகிறவனுக்குக் கல் தட்டுப்படுவதே அபூர்வம். கோயில்களுக்கு வேண்டிய கருங்கல்லைக்கூட வெகு தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருந்த பூமி அது. அந்த மெத்தென்ற மண்ணில் உழுகிற மாட்டின் குளம்புக்கு என்ன நேர்கிறது, கல் பரப்பிய சாலையில் அதே மாடு வண்டி இழுத்தால் என்ன நேர்கிறது, வழவழப்பான தளம் போட்ட வீட்டின் கூண்டுக்குள் வளர்கிற ஒரு சிறு பிராணியின் நகத்துக்கு என்ன நேர்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து கொண்டு போனால், மூன்றும் ஒரே கணக்கின் வெவ்வேறு பக்கங்கள் என்பது விளங்கிவிடும்.

டெல்டாவின் தென்கிழக்கே உருவான உம்பளச்சேரி இனத்து மாடுகள் சேற்றுழவுக்கென்றே வாய்த்தவை. உருவத்தில் சிறியவை, ஆனால் பெரிய உடம்புள்ள மாடுகள் கால் புதைந்து திணறுகிற சேற்றில் சளைக்காமல் ஏர் இழுப்பவை, எருதுகளின் கொம்பை இளமையிலேயே நீக்கிவிடுகிற வழக்கத்தால் அவற்றுக்கு மொட்டை மாடு என்று ஒரு பெயரும் உண்டு. சேற்றிலும் வரப்பிலும் மட்டும் நடமாடுகிற மாட்டுக்கு லாடம் தேவைப்படுவதில்லை. அதே மாட்டை நுகத்தடியில் பூட்டி, நெல் மூட்டை ஏற்றி, பாபநாசத்திலிருந்து கும்பகோணம் வரையில் சரளைச் சாலையில் நடக்க விட்டால், அதன் குளம்பு வளர்கிற வேகத்தைவிடத் தேய்கிற வேகம் மிகுதியாகி, அடிப்பகுதி மெலிந்து, உள்ளேயுள்ள உணர்ச்சியுள்ள சதை தரையின் அழுத்தத்தை நேராகத் தாங்க வேண்டிய ஸ்திதி வந்துவிடும். ஆகையால்தான் வண்டிமாட்டுக்கு லாடம் ஏற்பட்டது. மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால், குதிரைக்கு அடிப்பதுபோல வளையமாக ஒரே லாடம் அதற்குப் பொருந்தாது. ஒரு காலுக்கு இரண்டு இரும்புத் துண்டுகள், நான்கு கால்களுக்கு எட்டு.

லாடம் அடிப்பதை ஒரு முறை அருகில் இருந்து கவனித்தவர்கள், நகத்தைப் பற்றிய விஞ்ஞானத்தில் பாதியை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். மாட்டைக் கயிறு கட்டிச் சாய்த்துப் படுக்க வைத்து, நான்கு கால்களையும் சேர்த்துப் பிணைத்து, குளம்பின் அடியைச் சமமாகச் செதுக்கிவிட்டுத் துண்டைப் பொருத்துகிறார் லாடக்காரர். "அண்ணே, இடது பின்னங்காலைப் பார்த்து அடிங்க, போன தடவை ரெண்டு நாள் நொண்டிச்சு" என்கிறார் வண்டிக்காரர். "பயப்படாதீங்க தம்பி, ஆணி முனை வெளிப்பக்கமா எட்டிப் பார்த்தா ஒண்ணுமில்லை, உள்ளாற போயி நின்னுட்டா அதை உடனே பிடுங்கிடணும்" என்று சொல்லிக்கொண்டே, குளம்பின் வெளிச்சுவரைத் துளைத்து வந்த ஆணி முனையை மடக்கி அடிக்கிறார். வெளிச்சுவரில் இறங்குகிற இரும்பை மாடு உணருவதே இல்லை; அதே ஆணி ஓர் அங்குலத்தின் சிறு பகுதியளவு உட்புறம் திரும்பினால் மாடு துடித்துப் போகிறது. உயிரற்ற பாகத்துக்கும் உயிருள்ள பாகத்துக்கும் இடையே உள்ள அந்த மெல்லிய எல்லையை அறிந்திருப்பதுதான் அவருடைய தொழில். வீட்டில் வளர்க்கிற கினிப்பன்றியின் நகத்தை வெட்ட விரும்புகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியதும் அந்த எல்லை ஒன்றைத்தான்.

குளம்பும் கொம்பின் மேலுறையும் நகமும் மயிரும் கெராட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தில் கந்தகம் செறிந்திருக்கிறது. கந்தக அணுக்கள் ஜோடி ஜோடியாகப் பிணைந்து கொள்வதாலேயே நகத்துக்கு அவ்வளவு உறுதி வாய்க்கிறது. நகத்தையோ மயிரையோ நெருப்பில் காட்டினால் எழுகிற துர்நாற்றமும் அதனால் வருவதே. நகத்தின் வேரில் உள்ள உயிரணுக்கள் பெருகி, கெராட்டினை நிரப்பிக் கொண்டு, இறந்து, பின்னால் வருபவற்றால் முன்னே தள்ளப்படுகின்றன. ஆகவே நாம் காண்கிற நகம் முழுவதும் இறந்த பொருள்; ஆனால் அதன் அடிவாரத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் இரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட குருத்து ஒன்று ஓடுகிறது. இந்த வளர்ச்சியின் வேகத்தை அளக்க ஒருவர் தம் வாழ்நாளில் 35 ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார் என்பது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமது கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் ஓர் அடையாளம் கீறி, அது நுனிக்கு வந்து சேர எத்தனை நாளாகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக் காலத்தில் வேகம் தளர்ந்ததே தவிர, வளர்ச்சி நின்றுவிடவில்லை. நகம் என்பது தேயும் என்ற நம்பிக்கையின்பேரில் இயற்கை விடாமல் உற்பத்தி செய்து கொண்டிருக்கிற பொருள். தேய்வு நின்றுபோன செய்தி வேருக்கு எட்டுவதில்லை.

பாபநாசத்து வயல் வரப்புகளில் வளை தோண்டி வாழ்கிற எலிகளுக்கு யாரும் நகம் வெட்டுவதில்லை. அறுவடைக் காலத்தில் அத்தகைய வளையொன்றைத் தோண்டிப் பார்த்தால், வளைந்து வளைந்து செல்கிற சுரங்கங்களும், அவற்றின் முடிவில் நறுக்கிக் கொண்டுவந்து அடுக்கிய நெற்கதிர்க் குவியலும் தென்படும். கோடையில் இறுகிப் பாறைபோலாகிவிடுகிற களிமண்ணை அவ்வளவு தூரம் குடைந்த முன்னங்கால்களின் நகம், வளர்ந்த அளவு தேய்ந்து, எப்போதும் வேலைக்கு ஏற்ற நீளத்திலேயே நிற்கிறது. கினிப்பன்றியும் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது வளை தோண்டுகிற சுபாவம் உடையதன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிரதேசத்தில், புல்லுக்கிடையே தடம் போட்டுக் கொண்டு நாள் முழுதும் நடந்து மேய்ந்து திரிந்த காட்டு மூதாதையரின் சந்ததி அது. அந்தக் கரடுமுரடான நிலத்தில் இடைவிடாத நடையே நகத்துக்கு அரமாக இருந்தது.

அதன் பற்களும் இதே நியதிக்கு உட்பட்டவை. கினிப்பன்றியின் 20 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தேய்ப்பதற்குப் புல்லில் உள்ள நுண்ணிய மணல் சத்தாகிய சிலிக்கா இருக்கிறது. நாற்றங்காலிலும் களையெடுப்பிலும் நெற்பயிரின் இலை பட்டுக் கையில் கீறல் விழுந்தவர்களுக்கு அந்தச் சிலிக்காவைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. வரப்பில் தழைத்திருக்கும் அறுகம்புல்லை நாள்தோறும் தாராளமாகப் போட்டுவந்தால் பல்லைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்பில் மட்டும் அந்தப் புல்லைப் பறிக்கக் கூடாது. பல்லுக்கு ஆகாரமே அரமாகிறது. நகத்துக்கோ ஆகாரத்தால் எந்த உபகாரமும் இல்லை.

இந்தப் பிராணி நம் வீடுகளுக்கு விளையாட்டுத் தோழனாக வந்தது சமீப காலத்தில்தான். அதற்கு வெகு முன்பே அது நம்முடைய ஆராய்ச்சிசாலைகளுக்கு வந்துவிட்டது. 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று நிரூபித்தபோது அவருக்குத் துணை நின்றவற்றில் கினிப்பன்றியும் ஒன்று. 1907-ல் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற நார்வே விஞ்ஞானிகள் இருவர் தானியத்தை மட்டும் ஆகாரமாகக் கொடுத்து அதனிடத்தில் ஸ்கர்வி நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். மனிதனைப் போலவே அதன் சரீரமும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக் கொள்ளும் சக்தியற்றது என்பது அதிலிருந்தே விளங்கலாயிற்று. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைக் கினிப்பன்றிகளிடம் சோதித்து, அவற்றில் பல, பிரிட்டிஷ் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைவிட அந்தப் பிராணியிடம் வீரியம் குறைந்தவை என்று கண்டறிந்தார்கள். நம் நாட்டுக் காசநோயாளிகள் இந்தச் சாதுப் பிராணிக்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. அதன் காலைக் கையில் எடுக்கும்போது அந்த நினைவு இருப்பது நல்லது என்று நான் உண்மையாகவே கருதுகிறேன்.

கூண்டில் வளரும் கினிப்பன்றியின் நகத்தை வெட்டாமல் விட்டால் முதலில் அது நீண்டு பக்கவாட்டில் திரும்புகிறது. நகம் தரையில் முட்டி விரலைத் தள்ளுவதால் பாதம் கோணலாகப் பதிகிறது. பிறகு வளைந்து சுருண்டு உள்ளங்காலையே குத்தத் தொடங்குகிறது. நகத்தின் மேல்தகடு கெட்டியாகவும் அடித்தகடு மிருதுவாகவும் அமைந்திருப்பதால் அது பெரும்பாலும் கீழ்நோக்கியே வளையும். வயதான பிராணிகளிடம் திருகாணிபோல முறுக்கிக்கொண்ட நகங்களையும் பார்க்கலாம். கினிப்பன்றியின் உள்ளங்காலில் மயிர் கிடையாது. மெல்லிய அந்தத் தோலில் ஏற்படுகிற சிறு காயத்தின் வழியாகச் சீழ்க் கிருமிகள் நுழைந்தால், பாதம் வீங்கிப் புண்ணாகி, எலும்புவரையில் பரவக்கூடிய பிடிவாதமான நோயாக அது மாறுகிறது. வைட்டமின் சி குறைந்த பிராணிக்குப் புண் எளிதில் ஆறாது; கொய்யாவும் கொத்தமல்லித் தழையும் கிரமமாகக் கொடுப்பது, அந்த வகையில், பாதத்தைக் காப்பதிலும் ஒரு பாகம்.

நகங்கள் மொத்தம் 14. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் மூன்று. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை வெட்டினால் போதும். வயதையும் தரையையும் பொறுத்து முன்பின் ஆகலாம். இளம் பிராணிக்கு நாம் உபயோகிக்கிற சாதாரண நகவெட்டியே போதுமானது. முதிர்ந்தவற்றின் தடித்த நகத்துக்குப் பூனை நகம் வெட்டுகிற சிறு கத்தரி வசதியாயிருக்கும். எதுவானாலும் கூர்மையாயிருக்க வேண்டும். மழுங்கிய கருவி நகத்தை வெட்டாமல் நசுக்குகிறது. நசுக்குதலின் வேதனை குருத்துவரை எட்டுகிறது. வேதனைப்பட்ட பிராணி அடுத்த தடவை காலைக் கொடுக்காது.

பிடிப்பதில்தான் அபாயம் அதிகம், வெட்டுவதில் அன்று. கினிப்பன்றி மேலிருந்து விழுந்தால் எளிதில் எலும்பு முறியும். அதன் முதுகெலும்பு முறுக்கத்தைத் தாங்காது. ஒரு கையை மார்பின் அடியிலும் மற்றொரு கையைப் பின்பாகத்தின் அடியிலும் கொடுத்துத் தூக்கி, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் மடித்துப் போட்ட துண்டின்மேல், அதன் முதுகு நம் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி உட்கார்த்திக் கொள்ள வேண்டும். நாற்காலியிலோ திண்ணையிலோ அமர்ந்து செய்வதைவிடத் தரையில் அமர்வது சிறந்தது. திமிறி நழுவினாலும் விழுகிற உயரம் ஒரு சாண்தான். மல்லாத்திப் படுக்க வைக்கக் கூடாது; கழுத்தைப் பற்றித் தூக்கவும் கூடாது. வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் அணைத்துப் பிடித்துப் புல்லோ கொத்தமல்லியோ ஊட்டிக்கொண்டிருக்க, மற்றவர் காலைக் கவனிப்பது உத்தமம். காலை இழுக்காமல், அது இயல்பாக மடங்குகிற திசையிலேயே முன்னுக்குக் கொண்டுவந்து, ஒரு விரலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்துக்கொண்டால், நகம் தானே தனித்து நிற்கும்.

இப்போது அந்த நகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை நகமானால், கண்ணாடிக் குழாய்க்குள் செந்நீர் நின்றாற்போல, அடியிலிருந்து நடுவரையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடி, நுனியை நெருங்குமுன்னே மங்கி முடிகிறது; அதற்கப்பால் உள்ளது தேங்காய்த் துருவலின் வெண்மையோடு உயிரற்று நிற்கிறது. சிவப்பு முடிகிற இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது விட்டு வெட்ட வேண்டும். கறுத்த நகத்தில் அந்தக் கோடு கண்ணுக்குப் புலப்படாது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச் வெளிச்சத்தை நகத்தின் அடிப்பக்கமிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சினால், குருத்து இருக்கிற பாகம் இருண்டும், வெறும் நகமாக உள்ள பாகம் தேன் நிறத்திலும் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் நுனியில் கடுகளவு மட்டும் சீவிவிட்டு நிறுத்திக் கொள்வதே புத்திசாலித்தனம். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான கரும்புள்ளி ஒன்று தோன்றத் தொடங்கினால் அதுவே எல்லை. கத்தரியைக் குறுக்கே நேராக வைக்காமல், பிராணி நிற்கும்போது தரை எந்தப் போக்கில் நகத்தைத் தேய்த்திருக்குமோ அந்தச் சாய்விலேயே வெட்டினால் பிசிறு நிற்காது; விரலும் கோணாது.

வெகு நாள் கவனிக்கப்படாமல் மிக நீண்டுவிட்ட நகத்தை ஒரே நாளில் ஒழுங்குபடுத்தப் பிரயத்தனப்படக் கூடாது. நகம் நீளும்போது குருத்தும் உடன் நீண்டிருக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் சீவிக்கொண்டே வந்தால் குருத்து படிப்படியாகப் பின்வாங்கும். சில மாதங்களில் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 14 நகங்களையும் ஒரே அமர்வில் முடித்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் கிடையாது. இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று வைத்துக்கொள்வதில், பிராணிக்கும் அச்சம் மீறாது, செய்கிறவருக்கும் கை நடுங்காது. முன்னங்காலின் உள்ளங்காலில், வயதான சிலவற்றுக்கு, முள்போன்ற கெட்டித் தோல் ஒன்று பக்கவாட்டில் வளர்வதுண்டு, அதுவும் கெராட்டினே, அதன் காய்ந்த நுனியை மட்டும் ஜாக்கிரதையாக நறுக்கிவிடலாம்.

எவ்வளவு கவனமாயிருந்தாலும் என்றேனும் ஒரு நாள் குருத்தில் பட்டு இரத்தம் வந்துவிடும். பிராணி கீச்சென்று கத்தும். கூடியிருக்கும் குழந்தைகள் அதைவிடக் கலங்கிப் போவார்கள். 800 கிராம் எடையுள்ள கினிப்பன்றியின் உடம்பில் சுமார் 60 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கிறது. நகத்திலிருந்து சொட்டுகிற நான்கைந்து துளிகளால் உயிருக்குக் கேடில்லை என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சமையலறையில் உள்ள சோளமாவைச் சிட்டிகை எடுத்து நகத்தின் நுனியில் அப்பி, சுத்தமான பஞ்சால் சில நிமிஷங்கள் விடாமல் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். அழுத்தம்தான் முக்கியம், நின்றதா என்று கணத்துக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பதால் உறைய வந்த இரத்தம் மீண்டும் கசியும். சவரக்கடையில் வெட்டுக்காயத்துக்குத் தேய்க்கிற படிகாரமும் இதே வேலையைச் செய்யும். ஆனால் எரியும், ஆகையால் சோளமாவுக்கு அடங்காதபோது மட்டுமே அது போதும். அன்றைக்கு மற்ற நகங்களைத் தொட வேண்டாம். கூண்டில் சுத்தமான துணி விரித்து விடுங்கள். வைக்கோல் துணுக்கு புண்ணில் குத்தக் கூடும்.

நகம் தானாகவே தேயட்டும் என்று கூண்டின் தரையில் உப்புத்தாளை ஒட்டுகிறவர்கள் உண்டு. அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சாலையில் நடக்கிற மாட்டின் பாதத்தைக் குளம்பு மூடியிருக்கிறது. கினிப்பன்றியின் பாதத்தை எதுவும் மூடவில்லை. உப்புத்தாள் நகத்தைத் தேய்ப்பதற்குள் உள்ளங்காலைத் தேய்த்துவிடும். கம்பிவலைத் தரையும் அதற்குச் சற்றும் குறைந்த கொடுமையன்று. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிற வழியில் அதிகச் சொரசொரப்பில்லாத செங்கல் ஒன்றைப் பதித்து வைத்தால் நகத்தின் வளர்ச்சி ஓரளவு கட்டுப்படலாம்; ஆயினும் அது வெட்டுவதற்குப் பதிலாகாது.

நகம் ஏற்கனவே உள்ளங்காலுக்குள் நுழைந்திருந்தாலும், பாதம் வீங்கிச் சிவந்திருந்தாலும், பிராணி ஒரு காலை ஊன்றாமல் நடந்தாலும், வீட்டில் கத்தரியைத் தொடக் கூடாது. கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அருகிலுள்ள மருந்தகத்தில் மாடுகளையே அதிகம் பார்த்துப் பழகியவர் இருந்தால், பாபநாசத்தார் ஒரத்தநாட்டிலுள்ள அரசாங்கக் கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம். டெல்டாவின் கோடையில் இந்தப் பிரயாணமே ஓர் ஆபத்து. ஆண்டீஸ் மலையின் குளிர்ச்சிக்கு ஏற்பட்ட சரீரம் 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தையும் ஆற்றோரத்துப் புழுக்கத்தையும் ஒருசேரத் தாங்காது. வியர்த்து ஆற்றிக்கொள்ளும் வகையும் அதற்கில்லை. ஆகவே சூரியன் ஏறுமுன் புறப்பட்டு, காற்று நுழையும் பிரம்புக் கூடையில் பருத்தித் துணி விரித்து, மேலே பாதி அளவுக்கு ஈரத் துணியைப் போட்டு, கூடையின் ஒரு மூலையில் வெள்ளரித் துண்டுகளை வைத்துக் கொண்டு போங்கள். பேருந்தில் என்ஜினுக்கு அருகிலுள்ள ஆசனத்தைத் தவிர்த்து விடுங்கள்.